உங்களுக்குத் தெரியுமா? இதய ஓட்டையும் டிவைஸ் அளவும்

◆ சோழவந்தானில் ரயிலேறி, மதுரையில் இதய மருத்துவரைப் பார்க்கப் போகும் பெற்றோரின் கையில் உள்ள எக்கோ தாளில் ‘ஏ.எஸ்.டி. 16 மி.மீ.’ என்று ஒரு வரி இருக்கும். மருத்துவரோ, “18 நம்பர் டிவைஸ் வைக்கலாம்” என்பார். “தாள்ல 16ன்னு போட்டிருக்கு, நீங்க 18ங்கிறீகளே டாக்டரய்யா?” என்று தயங்காமல் கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இந்த வாரத் துணுக்குகள் எல்லாம் அதற்கான பதில்.

◆ இதயத்தின் இரண்டு மேலறைகளுக்கும் நடுவே உள்ள சுவரில் சதை குறைந்து விழுந்த ஓட்டைதான் ஏ.எஸ்.டி. பிறந்த சில மாதங்களுக்குள் கண்டுபிடிக்கப்படும் 3 மி.மீ.க்கும் குறைந்த ஓட்டைகள் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். 8 மி.மீ.க்கு மேற்பட்டவை தானே மூடுவது அரிது. இந்த ஓட்டை பல வருடங்கள் சத்தமே காட்டாது. கல்யாணமாகி, கர்ப்பகாலப் பரிசோதனையில் முதன்முதலாகத் தெரியவந்த பெண்கள் எத்தனையோ பேர்.

◆ ஓட்டையை அடைக்கத் தொடையிடுக்கு ரத்தக்குழாய் வழியாக ஏற்றி வைக்கும் டிவைஸுக்கு இரண்டு தட்டுகள், நடுவில் ஒரு இடுப்பு. காதில் தோடு முன்னால், திருகாணி பின்னால், நடுவில் தண்டு இருப்பதுபோலச் சுவரின் இரு பக்கமும் தட்டுகள் கவ்விக்கொள்ளும். ‘18 நம்பர்’ என்பது இடுப்பின் விட்டம் மட்டுமே. பரவலாகப் பயன்படும் ஆம்ப்ளாட்சர் வகையில் 18 நம்பர் டிவைஸின் இடப்பக்கத் தட்டு 32 மி.மீ., வலப்பக்கத் தட்டு 28 மி.மீ. இருக்கும். ஆக, ஓட்டையை அளந்தால் மட்டும் போதாது. அந்த 32 மி.மீ. விரிய மொத்தச் சுவரிலும் இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சின்னக் குழந்தைகளுக்குப் பல நேரம் தடையாக இருப்பது ஓட்டையின் அளவல்ல, சுவரின் நீளம்தான். “கொஞ்சம் வளரட்டும், பார்க்கலாம்” என்று மருத்துவர் சொன்னால் அலட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள்.

◆ ஆம்ப்ளாட்சர் வகை 4 மி.மீ.யில் தொடங்கி 40 வரை வருகிறது. 20 வரை ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஒன்று. அதற்கு மேல் இரண்டிரண்டாகக் கூடும்.

◆ ஓட்டை எப்போதும் வட்டமாக இருப்பதில்லை. பல நேரம் நீள்வட்டம். நெஞ்சின் மேல் வைத்துப் பார்க்கும் எக்கோ ஒரு கோணத்தில் 16 காட்டும், இன்னொரு கோணத்தில் 19 காட்டும். அதனால்தான் உணவுக்குழாய்க்குள் கருவியை இறக்கி மறுபடியும் அளக்கிறார்கள். முப்பரிமாண எக்கோ வந்தபின் ஓட்டையை நேருக்கு நேர் பார்த்தே அளக்க முடிகிறது.

◆ பலூன் வைத்து அளப்பதும் உண்டு. மெத்தென்ற பலூனை ஓட்டைக்குள் வைத்து மெதுவாக ஊதுவார்கள். எக்கோ திரையில் ஓட்டை வழியே பாயும் ரத்தத்தைக் காட்டும் வண்ணம் மறைந்த கணமே ஊதுவதை நிறுத்திவிட வேண்டும். அப்போது பலூனில் தெரியும் இடுப்பளவுதான் கணக்கு. பெரும்பாலும் அதே அளவிலோ, ஒன்றிரண்டு மி.மீ. கூட்டியோ டிவைஸ் எடுப்பார்கள். முன்பெல்லாம் விளிம்பு விரிந்து கொடுக்கும்வரை ஊதி அளந்தார்கள். மெல்லிய விளிம்பு இழுபட்டு, அளவு கூடுதலாக வந்தது. தேவைக்கு மேல் பெரிய டிவைஸ்கள் உள்ளே போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

◆ “பெருசா வச்சுட்டா நல்லாப் பிடிச்சுக்கும்ல?” என்று கேட்பவர்கள் உண்டு. பிடிக்கும்தான். ஆனால் அளவுக்கு மீறிய டிவைஸ் மேலறையின் கூரையிலும் மகாதமனியின் சுவரிலும் உரசி, அரித்து, துளைத்துவிடக்கூடும். ஆயிரத்தில் ஒருவரிலிருந்து மூன்று பேர் வரைக்கும் இப்படி நேரக்கூடும். அரிது என்றாலும் உயிருக்கே ஆபத்து. அதனால்தான், விரிக்காத நிலையில் உள்ள ஓட்டையைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் போக வேண்டாம் என்று 2004 முதல் எச்சரிக்கிறார்கள். சின்னதாக வைத்தால் வேறு தொல்லை: டிவைஸ் நழுவி ரத்த ஓட்டத்தோடு போய்விடும், சுருக்குக்கம்பி போட்டுப் பிடித்து இழுக்க வேண்டிவரும். டிவைஸ் வைத்தவருக்கு எப்போது நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தாலும், வருடங்கள் கழித்து வந்தாலும், காத்திருக்காமல் எக்கோ எடுத்துவிடுங்கள்.

◆ அளவைப்போலவே முக்கியம் விளிம்பு. சுற்றிலும் 5 மி.மீ. சதை இருந்தால் நிம்மதி. மகாதமனிப் பக்கம் குறைவது சகஜம், சமாளிக்கலாம். கீழ்ப்பெருஞ்சிரை பக்கம் விளிம்பே இல்லாவிட்டால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான்.

◆ பெரிய ஓட்டையில் இடப்பக்கத் தட்டு சாய்ந்து வலப்பக்கம் வந்துவிழும். பலூனை ஊதி அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே டிவைஸை விரிக்கும் முறையை 2005இல் வெளியிட்டவர்கள் மும்பை மருத்துவர் பரத் தல்வியும் அவரது சகாக்களும்.

◆ மேல்பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தில் ஓட்டை இருந்தால் தட்டுகள் கவ்வ இடமிருக்காது. நெஞ்சைத் திறப்பதுதான் வழி என்றிருந்தது. இப்போது பொருத்தமானவர்களுக்கு உறையிட்ட ஸ்டென்ட் வைத்தே அடைக்கிறார்கள். சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே. சிவகுமார் குழுவினர் செய்த பணி இந்தத் துறையில் உலக அளவில் பேசப்படுவது.

◆ டிவைஸ், அதைக் கொண்டுபோகும் கம்பியின் நுனியில் திருகித்தான் இருக்கும். வைத்தபின் லேசாகத் தள்ளி, இழுத்து ஆட்டிப் பார்ப்பார்கள். திருப்தியில்லை என்றால் உள்ளே இழுத்துக்கொண்டு வேறு அளவு வைக்கலாம். திருகைக் கழற்றும்வரை எதுவும் முடிவில்லை.

◆ நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் கம்பி வலையால் ஆனது டிவைஸ். கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம்.

◆ பிள்ளை வளர்ந்தால் டிவைஸை மாற்ற வேண்டுமா? வேண்டாம். சில மாதங்களில் அதன்மேல் மெல்லிய சவ்வு படர்ந்து சுவரோடு சுவராகிவிடும். சுற்றியுள்ள சுவர் வளர்ந்துகொள்ளும். சவ்வு படரும்வரை ரத்தம் உறையாமலிருக்க, வழக்கமாக ஆறு மாதம் ஆஸ்பிரின் தருவார்கள். நடுவில் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

◆ அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழு, பிள்ளையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துவிட்டு “மதுரைக்குப் போய் எக்கோ பாருங்க” என்றால் தள்ளிப்போடாதீர்கள். செலவுக்கு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது.

◆ வீட்டுக்கு அனுப்பும்போது டிவைஸின் பெயரும் அளவும் எழுதிய அட்டை தருவார்கள். காப்பீட்டு அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் எப்போது எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தாலும் அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.