குட்டைப் பல்லில் ‘கேப்’ நிற்குமா?

உலக்கையின் முனையில் இரும்புப் பூண் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் முறை இடித்தாலும் அது கழல்வதில்லை. அதே பூணை, முனை தேய்ந்து கூம்பிப்போன கட்டையில் மாட்டினால்? பத்து இடியில் ஆட்டம் கண்டுவிடும். பல் மருத்துவர் போடும் ‘கேப்’ என்னும் உறையின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த காலத்தில், 1728-இல், பியேர் ஃபோஷார் என்பவர் பாரிஸில் பல் மருத்துவம் பற்றிப் பெரியதொரு நூலை வெளியிட்டார். நவீன பல் மருத்துவத்தின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். மேற்பகுதி போய் வேர் மட்டும் எஞ்சிய பல்லில், வேரின் துளைக்குள் உலோக முளையை இறக்கி, அதன்மேல் செயற்கைப் பல்லைப் பொருத்தினார் அவர். பிடித்து நிறுத்தச் சூட்டில் இளகும் பிசின்! கோரிமேட்டில் 1990-இல் தொடங்கிய புதுச்சேரி மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள் இன்று படிக்கும் பாடங்களிலும் இந்தப் பிடிமானம் ஒன்று.

கேப் போடுவதற்கு முன் பல்லைச் சுற்றிலும் சீவுகிறார்கள். பக்கச் சுவர்கள் மேலே போகப்போகச் சற்றே உட்சாய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உறை இறங்காது. சாய்வு மிகுந்தாலோ, உறை நிற்காது. டென்மார்க் ஆய்வாளர் யோர்கென்சன் 1955-இல் இதை அளந்து பார்த்தார். சாய்வு கூடக்கூடப் பிடிமானம் முதலில் மளமளவென்றும், பிறகு மெதுவாகவும் குறைந்தது.

பல்லின் உயரம் எங்கே வருகிறது? நாம் மெல்லும்போது உறை நேராக மேலே பிடுங்கப்படுவதைவிட, ஒரு பக்கமாகப் புரட்டப்படுவதே அதிகம். ஒரு விளிம்பு கீல் போலாகி, மறுபக்கம் எழும்ப முயல்கிறது. அதைத் தடுப்பது எதிர்ச்சுவர்தான்.

வடிவியல் பெட்டியை எடுங்கள். 10 செ.மீ. அடிக்கோடு வரைந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் 10 பாகை உட்சாய்ந்த சுவர்களை எழுப்புங்கள். இடது அடிமூலையிலிருந்து வலது சுவருக்கு ஒரு செங்குத்துக்கோடு வரையுங்கள். அது சுவரைத் தொடும் இடம் ஏறத்தாழ 1.7 செ.மீ. உயரத்தில் இருக்கும். அதற்கு மேலுள்ள சுவர் மட்டுமே புரளலைத் தடுக்கும். கீழேயுள்ளது உறையை வழிவிட்டு அனுப்பிவிடும். இப்போது சாய்வை 20 பாகையாக்குங்கள். தொடும் இடம் 3.2 செ.மீ.-க்கு ஏறிவிடும். பல் 3 செ.மீ. உயரம்தான் என்றால், தடுக்கும் சுவரே அங்கு இல்லை! சென்டிமீட்டரை மில்லிமீட்டராக மாற்றினால், கிட்டத்தட்ட உங்கள் கடைவாய்ப்பல்லின் அளவு கிடைத்துவிடும். சீவிய பின் கடைவாய்ப்பல்லில் குறைந்தது 4 மி.மீ., மற்றப் பற்களில் 3 மி.மீ. உயரம் மிஞ்ச வேண்டும் என்று பாடநூல்கள் கேட்பது இதனால்தான். கடைவாய்ப்பல் அகலமானது, குட்டையானது. மெல்லும் விசையோ அங்கேதான் அதிகம். பாவம், அதன் நிலை அப்படி.

நல்ல பசை போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். நெடுங்காலமாகப் பயன்படும் துத்தநாக பாஸ்பேட் சிமெண்ட் உண்மையில் ஒட்டுவதே இல்லை. நுண்ணிய மேடுபள்ளங்களில் புகுந்து இறுகி, ஆப்புப் போல நிற்கிறது. அழுத்தினால் தாங்கும், இழுத்தால் உடையும். சுவர் தடுக்காத இடத்தில் முழு இழுவையும் அதன்மேல் விழுகிறது. பின்னர் வந்த பிசின் சிமெண்ட்டுகள் பல்லோடு பிணைவதால் குட்டைப் பல்லுக்கு ஓரளவு கைகொடுக்கின்றன. ஆனாலும் வடிவத்தின் குறையைப் பசையால் முழுதும் ஈடுகட்ட முடியாது.

வேறு வழிகளும் உண்டு. ஈறு மூடியிருக்கும் பல்லில் சிறு அறுவை செய்து ஈற்றை இறக்கினால், உயரம் கூடும். இன்னொன்று தச்சரின் வேலையைப் போன்றது: சுவர்களில் செங்குத்தாகக் காடி வெட்டுவது. உறையின் உட்புறத்தில் அதற்கேற்ற முகடு அமைந்து, காடிக்குள் இறங்கும். அப்போது புரள முயலும் உறைக்குக் காடியின் சுவர் குறுக்கே நிற்கும். காடி கீல்விளிம்புக்கு அருகில் இருப்பதால் புரளும் வட்டத்தின் ஆரம் குறைகிறது; குட்டைச் சுவரும் அதற்குப் போதுமானதாகிவிடுகிறது. உங்கள் படத்தில் நடுவே ஒரு செங்குத்துக் காடி வரைந்து, அதே மூலையிலிருந்து மறுபடி செங்குத்துக்கோடு போட்டுப் பாருங்கள்.