பெண்களின் புற்றுநோய் விழிப்புணர்வும் தகுதி வழக்கும்

ஆய்வுச்சுருக்கம்

இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்கள் மார்பகப் புற்றுநோயும் கருப்பை வாய்ப் புற்றுநோயும் ஆகும். இவ்விரண்டும் தொடக்கநிலையில் கண்டறியப்பட்டால் பெரும்பாலும் குணப்படுத்தத் தக்கவை. எனினும் பெண்கள் பலர் நோய் முற்றிய பின்னரே மருத்துவமனையை அடைகின்றனர். வறுமை, தொலைவு, குடும்பச் சூழல் ஆகியவற்றோடு மொழி வழக்கும் இத்தாமதத்திற்குத் துணைபோகிறது. நன்னூல் கூறும் தகுதி வழக்கின் மூவகையான இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி ஆகியன பெண்களின் புற்றுநோய் விழிப்புணர்வில் எவ்வாறு செயற்படுகின்றன என்பதையும், இடர்க்காரணிகளைத் தமிழில் எவ்வாறு விளக்குதல் வேண்டும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: புற்றுநோய், விழிப்புணர்வு, இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி, இடர்க்காரணி, மருத்துவத் தமிழ்.

முன்னுரை

தமிழகத்தில் புற்றுநோய் மருத்துவத்தின் வரலாறு பெண்களின் முயற்சியோடு பிணைந்தது. புதுக்கோட்டையில் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவ்விழப்பே, இந்திய மாதர் சங்கத்தின் வழியாக 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தோன்றுவதற்குத் தூண்டுதலாயிற்று. 1955இல் அங்குப் பணியேற்ற மருத்துவர் வி. சாந்தா, 2021இல் மறையும்வரை அந்நிறுவனத்தோடே தம் வாழ்வை இணைத்துக்கொண்டார். மருத்துவமனை எழுந்து எழுபது ஆண்டுகள் கடந்துவிட்ட நிலையிலும், மருத்துவம் இருக்குமிடத்திற்கு நோயுற்ற பெண் காலத்தே வந்துசேர்கிறாளா என்ற வினா எஞ்சி நிற்கிறது. அவ்வினாவை மொழி நோக்கில் அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோய்களின் நிலை

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும், ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயும் புதிதாகத் தோன்றுகின்றன. கருப்பை வாய்ப் புற்றுநோயால் ஏறத்தாழ 80,000 பெண்கள் உயிரிழக்கின்றனர். பல ஆண்டுகள் முன்மாற்றங்களாகவே தங்கியிருந்து, கண்டறிந்து நீக்குவதற்குப் போதிய காலம் அளிக்கும் ஒரு நோயால் நிகழும் இழப்பு இது.

பரிசோதனையின் நிலை இதனினும் கவலைக்குரியது. 2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களுள் வாழ்நாளில் ஒருமுறையேனும் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டோர் 2 விழுக்காட்டை எட்டவில்லை. பிற மாநிலங்களை விட மேம்பட்ட நிலையிலுள்ள தமிழகத்திலும் அது 10 விழுக்காட்டை எட்டவில்லை. 30 வயதைக் கடந்தோர்க்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றிலும் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதனை என்பது அரசின் வழிகாட்டு நெறியாகும். ஏட்டில் உள்ள இந்நெறிக்கும் நடைமுறைக்கும் உள்ள இடைவெளியை மேற்கண்ட அளவுகள் காட்டுகின்றன.

விழிப்புணர்வின் மூன்று படிநிலைகள்

புற்றுநோய் விழிப்புணர்வைப் பற்றிய வினாநிரல்கள் பலவும் ‘இந்நோயைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?’ என்ற வினாவோடு தொடங்குகின்றன. ஆம் என்று விடையளிப்பவர் விழிப்புணர்வு பெற்றவராக எண்ணப்படுகிறார். ஆயின் விழிப்புணர்வை மூன்று படிநிலைகளாகப் பகுத்துக் காண்பது தகும். நோயின் பெயரை அறிதல் பெயரறிவு. அதன் தொடக்க அடையாளங்களைத் தன் உடலில் இனங்காணுதல் குறியறிவு. எங்கே, யாரிடம், எப்போது செல்ல வேண்டும் என்பதை அறிதல் வழியறிவு.

பெயரறிவு மட்டும் உடையவரிடம் அச்சமே மிகும். ‘புற்றுநோய் வந்தால் பிழைக்க முடியாது’ என்று எண்ணும் பெண், ஐயம் தோன்றும்போது அதனை உறுதிசெய்துகொள்ள அஞ்சி மேலும் விலகிச் செல்வாள். குறியறிவும் வழியறிவும் உடன் சேரும்போதே பெயரறிவு பயன் தரும். இவ்விரு அறிவும் உரிய சொற்களின்றிப் பெறப்படுவதில்லை. இவ்விடத்தில்தான் தகுதி வழக்கு குறுக்கிடுகிறது.

இடக்கரடக்கலும் நோய்க்குறிகளும்

அவையில் கூறத்தகாத சொல்லை மறைத்து வேறொரு சொல்லாற் கூறுவது இடக்கரடக்கல் ஆகும். பெண்ணுடலைப் பற்றிய தமிழ்ப் பேச்சு பெரிதும் இவ்வழக்கால் ஆயது. மாதவிடாயைத் தூரம், விலக்கு, தீட்டு என்று குறிப்பதும், பிறப்புறுப்பை மறைவிடம் என்பதும், மார்பக நோயை ‘நெஞ்சில் கட்டி’ என்பதும் இதன்பாற்படும். கண்ணியம் கருதி எழுந்த இவ்வழக்கைக் குறை கூறுவதற்கில்லை. எனினும் நோய்க்குறிகளை வேறுபடுத்தி உணர்த்தும் நுட்பம் இதில் இல்லை.

சான்றாக, கருப்பை வாய்ப் புற்றுநோயின் முதன்மையான அடையாளங்கள் மாதவிடாய் நின்ற பின் தோன்றும் குருதிப்போக்கு, இரு மாதவிடாய்களுக்கு இடையே அல்லது உடலுறவிற்குப் பின் தோன்றும் குருதிப்போக்கு, துர்நாற்றமுள்ள நீர்க்கசிவு ஆகியன. இவற்றுள் முதலாவதை ‘நின்றுபோன தீட்டு மறுபடி வந்தது’ என்று கூறும்போது, நோய்க்குறி இயல்பான நிகழ்வாக மாறிவிடுகிறது. நீர்க்கசிவை ‘வெள்ளைபடுதல்’ என்று பொதுவாகச் சுட்டி, அதற்கு உடற்சூட்டைக் காரணமாகக் கொண்டு, குளிர்ச்சியான உணவுகளால் தணிக்க முயல்வது பரவலான வழக்கம். இயல்பான வெள்ளைபடுதலும் நோயால் எழும் கசிவும் ஒரே சொல்லுள் அடங்கிவிடுவதால், குருதி கலந்து துர்நாற்றம் வீசும் கசிவும் சூட்டின் விளைவாகவே கருதப்படுகிறது. உடலுறவிற்குப் பின் தோன்றும் குருதிப்போக்கைச் சொல்லவோ பொதுவழக்கில் சொல்லே இல்லை எனலாம். மருத்துவர் வினவினாலன்றி அது வெளிப்படுவதில்லை.

மார்பகப் புற்றுநோயில் இடர்ப்பாடு வேறு வகையினது. நோய் என்பதை வலியோடு இணைத்தே மக்கள் உணர்கின்றனர். ‘வலிக்கவில்லை, அதனால் விட்டுவிட்டேன்’ என்பது இயல்பான கூற்று. மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலியற்றது. தோல் உட்குழிதல், காம்பு உள்வாங்குதல், காம்பிலிருந்து குருதி கசிதல், அக்குளில் கட்டி தோன்றுதல் ஆகியனவும் கவனிக்கத்தக்கவை. எனவே ‘கட்டி’ என்று மட்டும் கூறாது, ‘வலியில்லாத கட்டியும் ஐயத்திற்குரியதே’ என்று முழுமையாகக் கூறுதல் வேண்டும்.

மங்கலமும் நோயின் பெயரும்

செத்தாரைத் துஞ்சினார் என்றும், சுடுகாட்டை நன்காடு என்றும் கூறுவது மங்கல வழக்கு. அமங்கலத்தின் பெயரை உரைக்க அஞ்சும் இம்மனநிலை புற்றுநோயிலும் காணப்படுகிறது. ‘அந்த வியாதி’, ‘பெரிய வியாதி’ என்னும் சுட்டுகள் இதன் வெளிப்பாடுகள். நோயுற்ற பெண்ணிடமே நோயின் பெயரை மறைக்கும் குடும்பங்களும் உண்டு. பெயர் மறைக்கப்படும்போது, தொடர்ந்து மருத்துவம் பெற வேண்டியதன் இன்றியமையாமையும் மறைந்துவிடுகிறது. குணமடைந்தோர் தம் நோயை வெளியே கூறாமையால், மரணமுற்றோரின் கதைகளே ஊரறிந்தனவாக நிலைக்கின்றன. அதனால் ‘இந்நோய் தீராதது’ என்ற நம்பிக்கை மேலும் வலுப்பெறுகிறது.

குழூஉக்குறியும் கலைச்சொற்களும்

ஒரு குழுவினர் தமக்குள் வழங்கும் சொல் குழூஉக்குறி ஆகும். பொன்னைப் பறி என்று பொற்கொல்லர் கூறுவது இலக்கண உரைகள் காட்டும் சான்று. மருத்துவக் கலைச்சொற்கள் துறையினர்க்கு இன்றியமையாதன. ஆயின் துண்டறிக்கைகளில் அவை விளக்கமின்றி இடம்பெறும்போது, பொதுமக்களுக்குக் குழூஉக்குறியாகவே நின்றுவிடுகின்றன.

ஒரே நோய்க்குத் தமிழில் வழங்கும் பெயர்களைக் காண்க. தமிழகத்தில் ‘கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்’ என்றும் ‘கருப்பை வாய்ப் புற்றுநோய்’ என்றும் வழங்குவது, இலங்கையில் ‘கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்’ எனப்படுகிறது. வாய் என்பது திறப்பையும், கழுத்து என்பது குறுகிய வடிவத்தையும் நோக்கி அமைந்தன. இரண்டும் பொருத்தமான ஆக்கங்களே. எனினும் ‘கருப்பைப் புற்றுநோய்’ என்று சுருக்கும்போது, கருப்பையின் உட்சுவரில் தோன்றும் வேறொரு நோயோடு இது மயங்குகிறது. ‘கருப்பை வாய் என்பது கருப்பையின் கீழ்ப்பகுதி, பிறப்புறுப்பு வழியாகக் கருவியைக் கொண்டு பார்க்கக் கூடியது’ என்ற ஒரு தொடரை உடன் சேர்த்தால், நோய் தோன்றும் இடமும் பரிசோதனையின் தன்மையும் ஒருங்கே விளங்கும். அசிட்டிக் அமிலப் பரிசோதனையையும் இவ்வாறே ‘நீர்த்த அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெள்ளைத் திட்டுகள் தோன்றுகின்றனவா என்று செவிலியர் பார்க்கும் எளிய பரிசோதனை’ என்று விளக்கலாம்.

காரணமும் காரணியும்

இடர்க்காரணி என்னும் கலைச்சொல்லில் தனிக் கவனம் தேவை. நோய் தோன்றும் வாய்ப்பை மிகுவிப்பது காரணி. நோயைத் தோற்றுவிப்பது காரணம். பொதுவழக்கில் இவ்வேறுபாடு இல்லாமையால், காரணிகளின் பட்டியல் குற்றப்பட்டியலாகப் படிக்கப்படுகிறது.

வயது முதிர்தல், இளவயதில் பூப்பெய்துதல், காலந்தாழ்ந்து மாதவிடாய் நிற்றல், முதல் மகப்பேறு தாமதமாதல், பிள்ளைப்பேறின்மை, பாலூட்டாமை, மாதவிடாய் நின்றபின் உடற்பருமன், மது ஆகியன மார்பகப் புற்றுநோயின் இடர்க்காரணிகள். இவற்றுள் பல பெண்ணின் விருப்பத்திற்கு உட்பட்டவை அல்ல. ‘பால் கொடுக்காததால் வந்தது’ என்று பழிப்பதற்கு அறிவியலில் இடமில்லை. பரம்பரை மரபணு மாற்றத்தால் தோன்றுவன 5 முதல் 10 விழுக்காடே. ஆதலின் ‘எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை’ என்ற எண்ணமும் காவலாகாது.

கருப்பை வாய்ப் புற்றுநோயில் இப்பழி மேலும் கடுமையாகிறது. இந்நோய்க்கு அடிப்படை, நீடித்து நிற்கும் மனிதப் பாப்பிலோமா வைரஸ் தொற்று. இதன் 16, 18 ஆகிய வகைகளே ஏறத்தாழ 70 விழுக்காட்டு நோய்க்குக் காரணம். இவ்வைரஸ் உடலுறவால் பரவுவது என்று மட்டும் கூறி நிறுத்தினால், நோய் ஒழுக்கத்தின் அளவுகோலாகிவிடும். பரிசோதனைக்குச் செல்வதே ஐயத்திற்கு இடமாகும். உடலுறவு வாழ்வுடைய ஆண், பெண் பெரும்பாலோர்க்கு ஒருகாலத்தில் இத்தொற்று ஏற்படுகிறது. பெரும்பாலும் இரண்டாண்டுகளுக்குள் தானே நீங்குகிறது. நீங்காத சிலர்க்கே, பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகளில் புற்றாகிறது. கணவரையன்றிப் பிறரை அறியாத பெண்ணுக்கும் இது வரலாம். இச்செய்திகளையும் உடன் கூறுவதே முழுமையான விளக்கம். மேலும், ‘தொற்று’ என்னும் சொல்லைக் கேட்டுப் புற்றுநோயே தொற்றும் என எண்ணி, நோயுற்றவளுக்குத் தட்டும் குவளையும் தனியே ஒதுக்கும் கொடுமை நிகழாதிருக்க, ‘வைரஸ் தொற்றும், புற்றுநோய் தொற்றாது’ என்று தெளிவுறுத்தல் வேண்டும்.

வாய்ப் புற்றுநோய் இதற்கு மறுதலையான நிலையைக் காட்டுகிறது. தாம்பூலம் மங்கலப் பொருளாதலின் அதில் இடர் காண மனம் ஒப்புவதில்லை. புகையிலை சேராவிடினும் பாக்கு மெல்லுதல் புற்றுநோய் விளைவிக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்தியுள்ளது. வெற்றிலைபாக்கோடு புகையிலை சேர்த்து மெல்லும் முதிய பெண்களிடம் இதனை எடுத்துரைப்பது இன்றியமையாதது.

பயன் தந்த களங்கள்

விழிப்புணர்வு உண்மையில் பயன் தருமா என்ற வினாவிற்கு இரு களங்கள் விடை தருகின்றன. மராட்டிய மாநிலம் பார்சியில் 1987இல் ஊரகப் புற்றுநோய்ப் பதிவகம் தொடங்கப்பட்டது. அதன் பணியாளர்கள் ஊர்தோறும் சென்று நோய்க்குறிகளை எடுத்துரைத்து, அவை உடையோரை மருத்துவமனைக்குச் செல்லத் தூண்டினர். பரிசோதனைத் திட்டம் ஏதுமின்றியே, தொடக்கநிலையில் கண்டறியப்பட்ட கருப்பை வாய்ப் புற்றுநோயின் பங்கு சில ஆண்டுகளில் உயர்ந்தது. குறியறிவின் ஆற்றலுக்கு இது சான்று.

மற்றொன்று திண்டுக்கல் மாவட்டம். அங்கு 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்கள் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். நலக்கல்விக்குப் பின் 31,343 பேர் வந்தனர். பயிற்சி பெற்ற செவிலியர் அசிட்டிக் அமிலப் பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்தனர். 2007இல் வெளியான முடிவுகளின்படி, அழைக்கப்பட்ட ஊர்களில் நோய்த்தோற்றம் 25 விழுக்காடும், இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. பெரிய கருவிகளின்றி, செவிலியரின் கையும் சொல்லும் கொண்டு அடைந்த பயன் இது. அதே வேளையில், பரிசோதனை அருகிலேயே கிடைத்தும் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் வரவில்லை என்பதும் எண்ணத்தக்கது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. புற்றுநோய் விழிப்புணர்வைப் பெயரறிவால் மட்டும் அளவிடுதல் போதாது. குறியறிவும் வழியறிவும் அளவிடப்பட வேண்டும்.

2. இடக்கரடக்கல் நோய்க்குறிகளை மறைக்கிறது. மங்கல நோக்கு நோயின் பெயரையும் குணமடைந்தோரின் சான்றையும் மறைக்கிறது. குழூஉக்குறி மருத்துவத்தின் வழியை மறைக்கிறது.

3. பெண்கள் வழங்கும் சொல்லிலிருந்து தொடங்கி, அச்சொல்லுள் அடங்கிய வேறுபாட்டைப் பிரித்துக்காட்டி, மருத்துவச் சொல்லிற்கு அழைத்துச் செல்லும் முறையே விழிப்புணர்வு உரைக்கு ஏற்றது. ‘வெள்ளைபடுதல் இயல்பே, குருதியோ துர்நாற்றமோ இருப்பின் அது சூடன்று, உடனே காட்டுக’ என்பது போன்ற தொடர்கள் இதற்குப் பொருந்தும்.

4. இடர்க்காரணிகளை விளக்கும்போது காரணம், காரணி வேறுபாட்டையும், பழிக்கு இடமின்மையையும் உடன் உரைத்தல் வேண்டும்.

உலக நல அமைப்பு 2020இல் வகுத்த திட்டம், 15 வயதிற்குள் 90 விழுக்காட்டுச் சிறுமியர்க்குத் தடுப்பூசி, 70 விழுக்காட்டுப் பெண்களுக்குப் பரிசோதனை, நோய் கண்டறியப்பட்டோருள் 90 விழுக்காட்டினர்க்கு மருத்துவம் என்னும் இலக்குகளை 2030ஆம் ஆண்டிற்குள் அடையக் கோருகிறது. தடுப்பூசிக்கு மகளை அழைத்துச் செல்லும் தாயும், பரிசோதனைக்கு உடன்படும் பெண்ணும் முதலில் எதிர்கொள்வது சொற்களையே. கலைச்சொல்லாக்கத்தில் நெடிய மரபுடைய தமிழ்த்துறைகள், வட்டார வழக்கில் பெண்கள் தம் உடலையும் நோயையும் குறிக்கும் சொற்களைக் களத்தில் தொகுத்து, மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் பயன்படும் சொற்றொகுதிகளாக வழங்குதல் இவ்வகையில் உடனடித் தேவையாகும்.