சொந்தக்காரனைக் கூப்பிடாத பாகப்பிரிவினை!

தோழா!

நம் ஊரில் பாகப்பிரிவினை நடப்பதைப் பார்த்திருப்பாய். அண்ணன் தம்பிகள் உட்காருவார்கள். ஊர்ப் பெரியவர்கள் நடுவில் இருப்பார்கள். கிணறு யாருக்கு, தென்னை யாருக்கு, வரப்பு எதுவரை என்று வாதம் நடக்கும். சண்டை வரும், சமாதானமும் வரும். ஆனால், சொந்தக்காரனைக் கூப்பிடாமல், தெருவில் போகிறவர்கள் கூடி அவன் நிலத்தைப் பங்குபோட்டதைக் கண்டதுண்டா?

பெர்லின் நகரம் கண்டது! 1884ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள், ஜெர்மானியத் தலைமையமைச்சர் பிஸ்மார்க்கின் மாளிகையில் 14 நாடுகளின் தூதர்கள் கூடினர். பிரிட்டன் வந்தது, பிரான்சு வந்தது, போர்ச்சுகல் வந்தது, அமெரிக்காவும் வந்தது. பேச்சோ ஆப்பிரிக்காவைப் பற்றி. அமர்ந்திருந்தவர்களில் ஆப்பிரிக்கர் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை!

1885 பிப்ரவரி 26இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. எல்லைக்கோடு எல்லாவற்றையும் அந்த மேசையிலேயே போட்டுவிடவில்லை. பிடிப்பதற்கான விதியை வகுத்தார்கள். கரையோரத்தில் புதிதாக இடம் பிடிப்பவன் மற்ற வல்லரசுகளுக்குச் சொல்லிவிட வேண்டும்; பிடித்த இடத்தில் தன் அதிகாரத்தை நிலைநாட்ட வேண்டும். கொள்ளைக்கும் ஓர் ஒழுங்குமுறை! கோடுகள் பின்னால் வந்தன. 1914இல் அந்தக் கண்டத்தில் ஐரோப்பியர் பிடியில் சிக்காமல் நின்றவை இரண்டே நாடுகள். ஒன்று லைபீரியா. மற்றொன்று, 1896இல் அடுவா களத்தில் இத்தாலியப் படையை ஓட ஓட விரட்டிய எத்தியோப்பியா.

கொள்ளை என்று வாய்விட்டா சொன்னார்கள் கனவான்கள்? அந்நாட்டு மக்களின் நல்வாழ்வைப் பேணுவோம் என்றார்கள்! அடிமை வாணிபத்தை ஒழிப்போம் என்றார்கள்!

இந்தக் கருணையின் பேரால் கொழுத்த பங்கைத் தட்டிச் சென்றவர் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு. பெல்ஜியத்தைவிட 70 மடங்குக்கும் மேல் பெரிய காங்கோ, மன்னர் ஒருவரின் சொந்தச் சொத்தாயிற்று! வைத்த பெயர் என்ன தெரியுமா? 'காங்கோ சுதந்திர நாடு'! அந்த மண்ணில் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

சைக்கிளுக்கு டயர் வேண்டும். டயருக்கு ரப்பர் வேண்டும். ஆண்களைக் காட்டுக்குள் விரட்டினார்கள். குறித்த எடை வந்து சேரும்வரை மனைவியரைப் பணயமாகப் பிடித்துவைத்தார்கள். எடை குறைந்த ஊரில் துப்பாக்கி பேசியது. செலவான தோட்டாவுக்குச் சிப்பாய் கணக்குக் காட்டவேண்டும். எதைக் காட்டினான்? வெட்டியெடுத்த வலக்கையை! தோட்டாவுக்குக் கணக்கு இருந்தது; உயிருக்குக் கணக்கு இல்லை!

இதை உலகறியச் செய்தவர் யார்? தளபதியா? மந்திரியா? இல்லை தோழா, ஒரு கப்பல் கம்பெனிக் குமாஸ்தா! எட்மண்ட் மோரல் என்பது அவர் பெயர். ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் சரக்குக் கணக்கைப் பார்த்தார். காங்கோவிலிருந்து வந்த கப்பலில் ரப்பரும் தந்தமும் குவிந்திருந்தன. திரும்பிச் செல்லும் கப்பலிலோ பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவும்! கூலி போகவில்லை, சரக்கு மட்டும் வருகிறது. அப்படியானால் நடப்பது வாணிபமல்ல, அடிமைத்தனம் என்று உணர்ந்தார். வேலையை உதறினார்; பேனாவை எடுத்தார். பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மெண்ட் நேரில் கண்டு எழுதிய அறிக்கை 1904இல் வெளிவந்தது. 1908இல் லியோபோல்டின் பிடி தளர்ந்தது. விடுதலை வந்ததா? இல்லை, மன்னர் கையிலிருந்து பெல்ஜிய அரசின் கைக்கு மாறியது, அவ்வளவே!

1960 ஜூன் 30, காங்கோவின் விடுதலை நாள். பெல்ஜிய மன்னரை எதிரில் வைத்துக்கொண்டே, பட்ட அடிகளையும் சுமந்த இழிவுகளையும் பட்டியலிட்டார் பிரதமர் லுமும்பா. ஏழு மாதம் நிறையுமுன், 1961 ஜனவரி 17இல் சுட்டுக் கொல்லப்பட்டார். உடலையும் அமிலத்தில் கரைத்தார்கள். எஞ்சிய ஒரு பல்லைப் பெல்ஜியம் குடும்பத்தாரிடம் ஒப்படைத்தது 2022இல்! நாட்டையே விழுங்கியவர்களுக்கு, ஒரு பல்லைத் திருப்பித்தர 61 ஆண்டு!

'எல்லாம் உன் நன்மைக்கே' என்று வல்லவன் வந்து நின்றால், தோழா, இரண்டே கேள்வி கேள். பேசுகிற மேசையில் எனக்கு நாற்காலி உண்டா? வருகிற கப்பலில் என்ன, போகிற கப்பலில் என்ன?

குமாஸ்தா கேட்ட கேள்விக்குக் கோமகனால் பதில் சொல்ல முடியவில்லை. நாமும் கேட்போம்!