ஓவியங்கள் ஜெனீவாவில், வரி நறுவிலிக்குளத்தில்

ஜெனீவா என்றதும் நமக்கு மனித உரிமைகள் பேரவைதான் நினைவுக்கு வரும். 2018இன் தொடக்கத்தில் அதே நகரிலுள்ள களஞ்சியம் ஒன்றுக்கு ஓவியங்களும் கலைப்பொருட்களுமாக 31 போய்ச் சேர்ந்தன. ரவிவர்மாவின் இலட்சுமி படமும் அவற்றில் ஒன்று. ஆவணப்படி உரிமையாளர், சமோவாவில் பதிவான ‘பசிபிக் கொமொடிற்றீஸ்’ என்ற கம்பனி. அதன் பின்னால் இருந்தவர் திருக்குமார் நடேசன். முன்னாள் நீர் வழங்கல் பிரதி அமைச்சர் நிருபமா ராஜபக்சவின் கணவர். 2021 ஒக்டோபரில் சர்வதேச புலனாய்வு ஊடகவியலாளர் கூட்டமைப்பு வெளியிட்ட பண்டோரா ஆவணங்களில் இது வெளிவந்தது.

இப்படியானவற்றை ஷெல் கம்பனி என்பார்கள். வெறும் கோது. தொழிற்சாலை இல்லை, தொழிலாளர் இல்லை. ஒரு முகவரியும் வங்கிக் கணக்கும் போதும். பணிப்பாளராகக் கூலிக்கு ஒருவர் கையெழுத்திடுவார். வீட்டு வாடகை, ஆலோசனைக் கட்டணம், தரகு எல்லாம் அந்தக் கணக்குக்கே போகும். இலங்கையில் வதிபவர் வெளிநாட்டு வருமானத்தையும் இங்கே காட்டவேண்டும். ஆனால் உள்நாட்டு இறைவரித் திணைக்களம் தேடினால் அவர் பெயரில் எதுவும் அகப்படாது. கம்பனி வைத்திருப்பது குற்றமல்ல. வருமானத்தை மறைப்பதே குற்றம்.

நடேசனின் இன்னொரு கம்பனியான ‘றொசெற்றி’ ஜேர்சித் தீவில் பதிவானது. லண்டனிலும் சிட்னியிலும் சொகுசு வீடுகள் வாங்க அது பயன்பட்டது. அது தொடங்கியது 1990களின் முற்பகுதியில். மன்னார்க் கரையிலிருந்து சனம் உடுத்த துணியோடு படகேறி இராமேஸ்வரம் போன காலமும் அதுதான்.

தான் தவறேதும் செய்யவில்லை என்றார் நடேசன். ஒரு மாதத்துக்குள் அறிக்கை தருமாறு இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு அன்றைய ஜனாதிபதி கோட்டாபய உத்தரவிட்டார். ஆறு மாதம் கழிய, 2022 ஏப்ரலில், நாடு கடன் கட்டமுடியாதென்று கையை விரித்தது.

பிறகு பற்றாக்குறை யார் தலையில் விழுந்தது? பெறுமதி சேர் வரி 2022இல் 8 சதவீதத்திலிருந்து இரண்டு தடவையில் 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆனது. நறுவிலிக்குளத்துக் கடையில் சவர்க்காரம் வாங்கும் கூலித்தொழிலாளிக்கும் கொழும்பு முதலாளிக்கும் அது ஒரே வீதம். சவர்க்காரத்தை ஜேர்சியில் பதிந்து வாங்க வழியில்லை.

கம்பனிகளின் உண்மையான உரிமையாளரைப் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டுமென 2025இல் கம்பனிகள் சட்டம் திருத்தப்பட்டது. நல்லதுதான். ஆனால் கொழும்பிலுள்ள பதிவாளரின் கை சமோவா வரை நீளாது.