அத்தைக்கு அனுப்பியது யார்?

எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பிள்ளைகள் தனி நோட்டில் எழுதுவார்கள்: இந்த வாரம் போனில் வந்த எதை நம்பினேன், ஏன் நம்பினேன், சரிபார்க்க என்ன செய்தேன். மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் என்றால் எனக்குப் பிடித்ததை எழுதுவார்கள், நடந்ததை எழுத மாட்டார்கள்.

ஒருமுறை, 2018-இல் வாட்ஸ்அப்பில் சுற்றிய வீடியோவைப் பற்றிப் பேசினோம். பைக்கில் வரும் இருவர் தெருவில் நிற்கும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் முடிவை வெட்டிவிட்டு இங்கே பரப்பினார்கள். அந்த ஆண்டு மே மாதம், பிள்ளை பிடிக்க வந்தவர் என்ற சந்தேகத்தில், கோயிலுக்குப் போன மூதாட்டியைத் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கூட்டம் அடித்தே கொன்றது. இதைச் சொன்னபோது வகுப்பில் ஒருவரும் பேசவில்லை.

அன்று ஒரு மாணவி எழுதியது: “அத்தை அனுப்பினதால நம்பிட்டேன். அத்தை பொய் சொல்ல மாட்டாங்க. ஆனா அத்தைக்கு யார் அனுப்பினாங்கன்னு நான் கேட்கல.”

அதற்கு முன், ஜூன் மாதம் அவள் நோட்டில் இருந்தது “பொய்ச் செய்தி, நம்பக் கூடாது” என்ற ஒற்றை வரி. அது பாடப்புத்தக வாசகம். இரண்டையும் அருகருகே வைத்து அவளையே படிக்கச் சொன்னேன். எங்கே சறுக்குகிறோம் என்பதை நான் சொல்லாமல் அவளே கண்டுபிடித்தாள்.

பிள்ளைகளுக்கு இப்போதுள்ள சிக்கல் வேறு. குடும்பக் குரூப்பில், “சித்தப்பா, இது எங்க வந்தது?” என்று மரியாதை குறையாமல் கேட்பது எப்படி? அடுத்த வெள்ளி அதைத்தான் நடித்துப் பார்க்கப்போகிறோம்.