எடை இல்லாத ஊரில் எலும்பு என்ன செய்யும்?

மாவுக்கட்டு பிரித்த கையைப் பார்த்திருக்கிறீர்களா? ஆறாம் வகுப்பு படிக்கும்போது கொய்யா மரத்திலிருந்து விழுந்து என் இடது முன்கை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கட்டு. பிரித்த அன்று பார்த்தால், கை சூம்பிப்போய் முருங்கைக்காய் மாதிரி இருந்தது. இரண்டு கைகளையும் சேர்த்து வைத்தால் அண்ணனும் தம்பியும் போலத் தெரிந்தன. தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினேன், கை வெடவெடவென்று நடுங்கியது. அந்தக் கைக்கு ஆறு வாரம் வேலை இல்லை. அதனால் வந்த வினைதான் எல்லாம்.

இனி, உடம்பு முழுவதற்கும் வேலை இல்லாத ஓர் ஊரை நினைத்துப் பாருங்கள்.

1970 ஜூன் மாதம். சோவியத் நாட்டின் நிக்கோலாயெவ், செவஸ்தியானொவ் இருவரும் சோயுஸ்-9 விண்கலத்தில் ஏறக்குறைய 18 நாள் பூமியைச் சுற்றிவிட்டுத் திரும்பினார்கள். அதுவரை அத்தனை நாள் யாரும் விண்வெளியில் தங்கியதில்லை. கலம் பத்திரமாகத் தரையிறங்கியது. ஆனால் உள்ளே இருந்தவர்களால் எழுந்து நிற்க முடியவில்லை. கைத்தாங்கலாகத்தான் கொண்டுபோனார்கள். இருவரும் நோயாளிகள் அல்ல, பயிற்சி பெற்ற திடமான ஆட்கள். பதினெட்டே நாளில் கால்கள் நிற்க மறந்துவிட்டன!

இங்கே ஒரு தவறான நினைப்பைச் சரிசெய்துகொள்வோம். விண்வெளியில் ஈர்ப்புவிசை இல்லை என்று பலர் சொல்வார்கள். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. அங்கேயும் பூமியின் ஈர்ப்பு, தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. திருவிழா ராட்டினம் மேலிருந்து சர்ரென்று இறங்கும்போது வயிற்றுக்குள் ஏதோ மிதப்பது போல இருக்குமே, அதுதான் அங்கே நாள் முழுவதும். நிலையமும் உள்ளே இருப்பவர்களும் பூமியை நோக்கி ஒன்றாக விழுந்துகொண்டே இருக்கிறார்கள். பக்கவாட்டு வேகம் மணிக்கு 28,000 கிலோமீட்டர் என்பதால், இவர்கள் விழ விழப் பூமியும் கீழே வளைந்துகொண்டே போகிறது, இவர்கள் தரையைத் தொடுவதே இல்லை. கூடவே விழும் தரையை எந்தக் கால் அழுத்த முடியும்? அதனால் எடை தெரிவதில்லை.

எடை தெரியாவிட்டால் எலும்புக்கு என்ன? எலும்பை நாம் சுண்ணாம்புக் கல் மாதிரி நினைக்கிறோம். அது உயிருள்ள கட்டடம். அதற்குள் இடிக்கும் செல்கள் ஒரு பக்கம் பழைய பகுதியைக் கரைத்துக்கொண்டே இருக்கும், கட்டும் செல்கள் பின்னாலேயே வந்து புதிதாகப் பூசிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டு கூட்டத்துக்கும் மேஸ்திரி போல மூன்றாவது வகை செல்கள், எலும்புக்குள்ளேயே நுண்ணிய குழிகளில் உட்கார்ந்திருக்கின்றன. நீங்கள் குதித்தால் கால் எலும்பு, கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைகிறது. அதனால் குழிகளை இணைக்கும் மெல்லிய வாய்க்கால்களில் திரவம் அசைகிறது. அந்த அசைவை மேஸ்திரி உணர்கிறார். ‘இங்கே பாரம் விழுகிறது, கெட்டியாகப் பூசு’ என்று செய்தி போகிறது. டென்னிஸ் வீரர்களின் ஆடும் கை எலும்பு மற்றக் கை எலும்பைவிடத் தடித்திருப்பது இதனால்தான்.

விண்வெளியில் மேஸ்திரிக்கு எந்த அசைவும் வருவதில்லை. இடிப்பவர்கள் மும்முரமாகிறார்கள், கட்டுபவர்கள் பின்தங்குகிறார்கள். போதிய பயிற்சி செய்யாவிட்டால் இடுப்பு போன்ற, உடலைத் தாங்கும் எலும்புகளின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் குறையும். நம் தாத்தா பாட்டிக்கு முதுமையில் ஓர் ஆண்டில் தேயும் அளவு, அங்கே ஒரே மாதத்தில்! கரைந்த கால்சியம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. அதனால் சிறுநீரகக் கல் வரும் ஆபத்தும் கூடுகிறது. தசைகளிலும் கெண்டைக்கால், தொடை, முதுகு என்று நம்மை நிமிர்த்தி வைத்திருப்பவைதான் முதலில் இளைக்கின்றன.

பாதத்தைக்கூடப் பாருங்கள். மாதக்கணக்கில் நடக்காததால் உள்ளங்காலின் தடித்த தோல் உரிந்து மிருதுவாகிவிடும். ஆனால் மிதந்து போகாமல் இருக்க, சுவரில் உள்ள கம்பிக்கு அடியில் புறங்காலை மாட்டி நிற்பார்கள். அதனால் காய்ப்பு புறங்காலில் வரும்! உழைக்கும் இடத்தில்தானே உடம்பு தடிக்கும்?

சரி, எடை இல்லாத ஊரில் உடம்புக்கு எப்படி வேலை கொடுப்பது? சோயுஸ்-9க்குப் பிறகு ரஷ்யர்கள் ‘பெங்குவின்’ என்று ஓர் உடை தைத்தார்கள். அதற்குள் இழுபட்டைகள் இருக்கும், ஆளைக் குறுக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். நிமிர்ந்து நிற்கவே மல்லுக்கட்ட வேண்டும். அமெரிக்கர்களின் ஸ்கைலாப் நிலையத்தில் 1973-74இல் மூன்றாவது குழு 84 நாள் தங்கியது. அவர்கள் கொண்டுபோன கருவி எளிமையானது. வழுக்கும் டெஃப்ளான் தகடு ஒன்று, தோளைக் கீழே இழுக்கும் ரப்பர் கயிறுகள். காலுறையோடு அதன்மேல் வழுக்கி வழுக்கி நடந்தார்கள். அதிக நாள் தங்கியது அவர்கள்தான், ஆனால் முந்தைய குழுக்களைவிட அவர்களுடைய கால்கள் நன்றாக இருந்தன. இப்படிச் சின்னச் சாதனம் பெரிய வேலை செய்வதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

இப்போது விண்வெளி நிலையத்தில் ஒவ்வொருவரும் தினமும் சுமார் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்கிறார்கள். ஓடும் பட்டையில் ஓடும்போது இடுப்பிலும் தோளிலும் வார் கட்டிக் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் எட்டிலேயே கூரைக்குப் போய்விடுவார்கள். வியர்வை சொட்டாது. பாகு மாதிரி முகத்திலேயே திரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும், துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். இப்படி ஓர் ஓடும் பட்டையில்தான் விண்வெளி வீராங்கனை சுனிதா வில்லியம்ஸ் 2007 ஏப்ரல் 16 அன்று பாஸ்டன் மாரத்தான் ஓடினார். 42 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், 4 மணி 24 நிமிடம். அதற்குள் நிலையம் பூமியை ஏறக்குறைய மூன்று முறை சுற்றிவிட்டது.

பாரம் தூக்குவதுதான் இதில் சுவாரசியமான இடம். அங்கே இரும்புக் குண்டைக் கொண்டுபோய்ப் பயனில்லை, அதுவும் பஞ்சு போல மிதக்கும். பிறகு எதைத் தூக்குவது? ஊசி இல்லாத புதுச் சிரிஞ்சு ஒன்று பெரியவர்களிடம் கேட்டு வாங்குங்கள். தண்டை முழுக்க உள்ளே தள்ளிவிட்டு, முனையைக் கட்டைவிரலால் இறுக்கி மூடி, தண்டை வெளியே இழுங்கள். எதிர்த்து இழுக்கிறதா? விட்டால் டப்பென்று உள்ளே ஓடுகிறதா? உள்ளே வெற்றிடம், வெளியே காற்று அழுத்துகிறது. விண்வெளி நிலையத்தில் எடை தெரியாவிட்டாலும் அறைக்குள் காற்றழுத்தம் பூமியில் இருப்பதைப் போலவே இருக்கிறது. ஆகவே இரண்டு பெரிய வெற்றிட உருளைகளை வைத்து ஒரு கருவி செய்து 2008இல் அனுப்பினார்கள். அதில் 272 கிலோ வரை பாரம் வைத்துக்கொள்ளலாம். காற்றையே பளுவாகத் தூக்கி உட்கார்ந்து எழுந்த பிறகு, இடுப்பு எலும்பின் தேய்வு முன்பைவிட நன்றாகக் குறைந்தது.

பயிற்சியின் பலனுக்கு ஓர் ஆள் சாட்சி சொல்ல வேண்டுமென்றால், நான் வலேரி பொல்யகோவைத்தான் கூப்பிடுவேன். இந்த ரஷ்ய மருத்துவர் மீர் நிலையத்தில் தொடர்ந்து 437 நாள் இருந்தார். விடாமல் பயிற்சி செய்தார். 1995 மார்ச்சில் இறங்கியபோது, கலத்திலிருந்து பக்கத்தில் போட்டிருந்த நாற்காலிக்குத் தானே நடந்து போனார். செவ்வாய்க்குப் போகிற மனிதனாலும் இறங்கியதும் நடக்க முடியும் என்று காட்ட நினைத்தார். அந்தச் சில எட்டுகள் எனக்குப் பெரிய விஷயம். செவ்வாய்க்குப் போகவே ஆறேழு மாதம் ஆகும், போய் இறங்கினால் கைத்தாங்கலாகப் பிடிக்க அங்கே ஆள் கிடையாது.

ஆனாலும் வேலை முடிந்துவிடவில்லை. நான்கு முதல் ஏழு மாதம் விண்வெளியில் இருந்த 17 பேரை ஆராய்ந்து 2022இல் முடிவு வெளியிட்டார்கள். திரும்பி ஓராண்டு ஆன பிறகும் ஒன்பது பேரின் கால் எலும்பு பழைய அடர்த்திக்கு வரவில்லை. தசை சீக்கிரம் திரும்பிவிடுகிறது, எலும்புக்கு நாளாகிறது. ஆகவே தேடல் பல பக்கம் நடக்கிறது. 2025இல் நிலையத்துக்குப் போன நம் சுபான்ஷு சுக்லா, பெங்களூரு விஞ்ஞானிகள் திட்டமிட்ட தசை செல் சோதனை ஒன்றை அங்கே செய்தார். தசை தன்னைப் பழுதுபார்த்துக்கொள்வது அங்கே ஏன் மந்தமாகிறது என்பதுதான் கேள்வி.

இன்னொரு பக்கம் தேடல் குகைக்குள் போயிருக்கிறது. கருங்கரடி குளிர்காலத்தில் ஆறு மாதம் வரை படுத்தே கிடக்கும். சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, சிறுநீர்கூடக் கழிப்பதில்லை. நாம் அப்படிப் படுத்தால் எழுந்து நிற்க முடியாது. கரடியோ வசந்தம் வந்ததும் எழுந்து நடக்கிறது. அதன் எலும்பு தேய்வதில்லை, இடிக்கும் வேலையும் கட்டும் வேலையும் சேர்ந்தே அடங்கிவிடுகின்றன. ஜப்பானில் விஞ்ஞானிகள், உறங்கும் கரடியின் இரத்தத்திலிருந்து தெளிந்த நீரைப் பிரித்து, கண்ணாடித் தட்டில் வளர்ந்த மனிதத் தசை செல்களில் சேர்த்துப் பார்த்தார்கள். மறுநாள் அந்தச் செல்களில் புரதம் கூடியிருந்தது. கோடையில் எடுத்த இரத்தத்துக்கு அந்தச் சக்தி இல்லை. குளிர்காலத்தில் மட்டும் அந்த இரத்தத்தில் வந்து சேரும் பொருள் எது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.