மைதானத்தில் மாவு மழை!

1981-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந் தேதி. நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்து நகரில் ரக்பி ஆட்டம் நடந்து கொண்டு இருந்தது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் முரட்டு ஆட்டம் அது.

ஆடியவர்கள், நியூசிலாந்து அணியினரும், கடல் கடந்து வந்த தென் ஆப்பிரிக்க அணியினரும்.

திடீர் என்று ஒரு சிறு விமானம் தாழப் பறந்து வந்தது. மாவுப் பொட்டலங்களை வீசியது! ஒரு பொட்டலம் பட்டு, நியூசிலாந்து வீரர் ஒருவர் கீழே விழுந்தார்.

ஏன் இந்தக் கோபம்?

தென் ஆப்பிரிக்காவில் அப்போது நிறவெறி ஆட்சி. கறுப்பு இன மக்களுக்கு ஓட்டு இல்லை.

"அந்த நாட்டு அணியை அழைக்கலாமா?" என்று நியூசிலாந்து மக்களில் பலர் கொதித்தார்கள். "விளையாட்டில் அரசியல் எதற்கு?" என்றார்கள் மற்றவர்கள். ஒரே வீட்டில் தகப்பன் ஒரு கட்சி, மகன் ஒரு கட்சி!

நியூசிலாந்து அணித் தலைவர் கிரகாம் மௌரி, ஆட மறுத்து விட்டார்.

முன்னதாக ஜூலை 25-ந் தேதி, ஹாமில்டன் நகரில் வேலியைப் பிய்த்துக் கொண்டு நூற்றுக்கணக்கானவர்கள் மைதானத்தில் புகுந்தார்கள். கைகோர்த்து நின்றார்கள். ஆட்டம் ரத்து!

ஆக்லாந்து ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. 25-22 என்ற புள்ளிக் கணக்கில் நியூசிலாந்து வென்றது.

அந்த நாளில் நெல்சன் மண்டேலா தென் ஆப்பிரிக்கச் சிறையில் இருந்தார். 1994-ல் எல்லோருக்கும் ஓட்டுக் கிடைத்தது. மண்டேலா ஜனாதிபதி ஆனார்.

1995-ல் அவர் ஆக்லாந்து சென்றார். அன்று போராடியவர்களைச் சந்தித்தார்!